ஐவரில் ஒருவர்

எனக்கு வாய் நீளம். பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தண்ணீர் லாரிக்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், பஸ் கண்டக்டர் என்று ஒருவர் விடாமல் சண்டை போட்டிருக்கிறேன். பாதி நேரம் நியாயம் என் பக்கம்தான் இருந்தது. மீதிப் பாதியைப் பற்றி நான் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. இது அந்த மீதியில் சேர்ந்த கதை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளிக்குள் தள்ளியிருந்த ஒரு சின்னக் கம்பெனியில் பரிசோதகராக வேலை பார்த்தேன். குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டருக்கு, சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி செய்கிற கம்பெனி அது. டிபன் கேரியர் உயரம்தான் இருக்கும். சூடு கூடினாலும் குறைந்தாலும் அது கத்த வேண்டும். அந்த அலாரம்தான் அதன் உயிர். செய்கிறவர்கள் செய்து அனுப்புவார்கள். நாங்கள் ஐந்து பேர் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி வெளியே போகும்.

அந்தக் கையெழுத்துதான் முதலில் தலைவலியாக இருந்தது. காகிதத்தில் பேனாவால் போட்ட காலத்தில், ஒரு பெட்டியை வேண்டாம் என்று தள்ளினால் போதும், தயாரிப்புப் பிரிவு மேனேஜர் யார் தள்ளியது என்று பார்த்து நேராக அவர் மேசைக்கு வந்துவிடுவார். டீலர்கள் போன் செய்து, அந்த ரெண்டு பீசையும் பாஸ் பண்ணி விடுங்க மேடம் என்று குழைவார்கள். எங்களில் ஒருவனை ஒரு டீலரின் ஆள் பஸ் ஸ்டாப் வரை வந்து மிரட்டிவிட்டுப் போனான். இனிமேல் எங்கள் பெயர் வெளியே தெரியக்கூடாது என்று ஐந்து பேரும் பிடிவாதமாக நின்றோம். ஆஸ்பத்திரிகளோ, பொறுப்பேற்க ஆள் இல்லாத பெட்டி எங்களுக்கு வேண்டாம் என்றன. இரண்டு பக்கமும் சொன்னது சரிதான்.

முதலாளிக்குக் கணிதம் படித்த நண்பர் ஒருவர் இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டில் கண்டுபிடித்த ஒரு கணக்கை வைத்து அவர் எங்களுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு வெள்ளை அட்டை. அட்டைக்குள் அவரவருக்கென்று ஒரு ரகசிய எண் ஒளிந்திருக்கும். அட்டையைச் செருகி, பாஸ்வேர்டைத் தட்டினால் அறிக்கையில் டிஜிட்டல் கையெழுத்து விழும். வெளியில் இருந்து அதைச் சரிபார்ப்பவருக்கு, இந்த ஐவரில் ஒருவர் போட்டது என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரியும். எந்த ஒருவர் என்பது தலைகீழாக நின்றாலும் தெரியாது. தப்பு நடந்தால் மட்டும், முதலாளியின் அறையில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் கையெழுத்தைத் திறந்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். முதலாளி இஷ்டத்துக்குத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக அதற்கு இரண்டு பாஸ்வேர்டுகள். ஒன்று அவருடையது. இன்னொன்று பரிசோதகர்கள் தேர்ந்தெடுக்கும் ஒருவருடையது. நால்வரும் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலாளியிடம் எதிர்த்துப் பேசக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்பது காரணம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மற்ற நால்வருக்கும் நான்தான் விளக்கினேன். அதில் ஒருவர் ஒக்கலிபுரத்திலிருந்து வருகிறவர். எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அண்ணன் என்று கூப்பிடுவோம். ஐ.டி.ஐ. படித்து, மூன்று கம்பெனி மூடிப் போனதைப் பார்த்து, நாலாவதாக இங்கே வந்து சேர்ந்தவர். அவருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே கொஞ்சம் நடுக்கம். இது தெரியாத்தனமா வேற யாரையாவது காட்டிடுமா என்று முதல் நாளே கேட்டார். காட்டவே காட்டாது, இது கணக்கு, மனுஷன் இல்லை என்று அடித்துச் சொன்னேன்.

இங்கே எங்கள் வேலை நடந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். நாங்கள் அலாரத்தைக் கத்தவிடும்போதெல்லாம் அங்கே நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும் ஆள் தூக்கிவாரிப் போட்டு எழுவார். ஒருமுறை டாக்டரே கையில் இடுக்கியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடைசியில் அவருக்கு நோயாளிகள் இல்லாத நாலு மணியிலிருந்து நாலரைக்குள் எல்லா அலாரங்களையும் மொத்தமாக அடிப்பது என்று உடன்பாடு. அதனால் நாங்கள் காலையிலேயே மற்ற சோதனைகளை முடித்து, அலாரக் கட்டத்திலும் டிக் போட்டு, கையெழுத்தும் போட்டு வைத்துவிடுவோம். நாலு மணிக்கு வரிசையாகக் கத்தவிட்டுப் பார்ப்போம். கத்தாததை எடுத்துத் தனியே வைத்து அறிக்கையை அழித்துவிடுவோம். ஐந்து பேரும் இப்படித்தான் செய்தோம். முதலாளிக்கு இது தெரியாது.

ஒரு ஜனவரியில் ஒரு பெட்டி திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், குழந்தையை வைப்பதற்கு முன்னால் தானே ஒருமுறை சூட்டை ஏற்றிப் பார்த்திருக்கிறார். அலாரம் வாயே திறக்கவில்லை. அந்த நர்ஸ் மகராசி. அவர் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தலைமை டாக்டர் கடிதத்தில் எழுதியிருந்தார், மென்று விழுங்காமல். யார் சோதித்தது என்று எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று முடித்திருந்தார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் பாஸ்வேர்டைத் தட்டினார், நான் என்னுடையதைத் தட்டினேன். திறப்பதற்குள் நானாக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. திரையில் ஒக்கலிபுரத்து அண்ணன் பெயர் வந்தது. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை இன்றைக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். அடுத்து வந்ததுதான் கோபம். அந்த நிம்மதியை யாரும் பார்த்துவிடக் கூடாது என்றோ என்னவோ, கோபத்தை ரொம்பவே கூட்டிக்கொண்டேன்.

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த எண் போட்ட பெட்டியைத் தொட்டதாகவே நினைவில்லை என்றார். சோதனை மேசைக்கு அருகே எல்லோர் முன்னாலும் வைத்து நான் அவரை வெளுத்து வாங்கினேன்.

"ஞாபகம் இல்லன்னா போடலன்னு ஆயிடுமா அண்ணா? கையெழுத்து உங்களோடது. ஒரு கொழந்த போயிருந்தா இன்னா பதில் சொல்லுவீங்க?"

அவர் இல்லை என்று ஒருமுறை சொன்னார். இன்னொருமுறை சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. எப்படி உறுதியாகச் சொல்வார்? அவரும் எங்களைப் போலவே டிக்கை முதலில் போட்டு அலாரத்தைப் பிறகு அடிக்கிறவர்தான். ஒரு நாளைக்கு நாற்பது பெட்டி. எதை விட்டோம், எதைப் பார்த்தோம் என்று மூன்று வாரம் கழித்து யாரால் சொல்ல முடியும்?

அவரை வேலையிலிருந்து நீக்கி மறுநாள் காலையில் கடிதம் கொடுப்பதாக முதலாளி சொல்லிவிட்டார். காரணத்தையும் எழுதித்தான் கொடுப்பேன், ஆஸ்பத்திரிக்கு நகல் அனுப்ப வேண்டும் என்றார். எங்கள் தொழிலில் ஊரில் மொத்தம் கைவிரல் விட்டு எண்ணுகிற கம்பெனிகள்தான். அந்தக் கடிதத்தோடு அண்ணனை எவரும் வாசலில் கூட ஏற்ற மாட்டார்கள். அவர் மகள் அப்போது பி.யு.சி. இரண்டாம் வருடம், அதாவது பிளஸ் டூ. மனைவிக்கு மற்றவர் வீடுகளில் வேலை செய்து வருவதைத் தவிர வேறு வருமானம் கிடையாது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், செய்த தப்புக்கு அனுபவிக்க வேண்டியதுதான் என்று மற்ற மூவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானமே அண்ணன் என்னிடம் வந்தார். சண்டை போட வரவில்லை. ஒரு தடவை உன் அட்டையில் கையெழுத்துப் போட்டு, அதைத் திறந்து காட்டு, உன் பெயர் வந்தால் நான் பேசாமல் போய்விடுகிறேன் என்று கேட்டார். அதுக்கென்ன, இப்பவே காட்டுறேன் என்று நானும் துள்ளிக்கொண்டு கிளம்பினேன். அவருக்குப் பாடம் எடுக்கிற நினைப்பு எனக்கு. முதலாளி சலித்துக்கொண்டே தன் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பதில் எழுத டைப்பிஸ்டிடம் போனார். முதலாளி அறைக்குள் வரத் தயங்கி அண்ணன் கதவுக்கு வெளியே நின்றார். திரை அவருக்குத் தெரியாது.

என் அட்டையைச் செருகி, வெற்று அறிக்கை ஒன்றில் கையெழுத்துப் போட்டேன். திறந்தேன். அண்ணன் பெயர் வந்தது.

பழைய கையெழுத்தையே மறுபடி திறந்துவிட்டேன் என்று நினைத்தேன். இன்னொரு வெற்று அறிக்கை எடுத்தேன். என் அட்டை, என் விரல்கள். மறுபடியும் அவர் பெயர்.  அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு பொட்டுக் குங்குமம் ஒட்டியிருந்தது.

ஆயுத பூஜை. அட, கடவுளே.

பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் ஆட்டோவிலிருந்து ஜெராக்ஸ் மெஷின் வரை எல்லாவற்றுக்கும் மாலையும் குங்குமமும்தான். அக்டோபரில் எங்கள் கம்பெனியிலும் வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, மல்ட்டிமீட்டருக்கெல்லாம் சந்தனம் வைத்தோம். நம்ம ஆயுதம் இந்த அட்டைதானே என்று சொல்லி ஐந்து அட்டைகளையும் ஒரு தாம்பாளத்தில் வாங்கி வைத்தவள் நான். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது என்று அப்படியே விட்டுப் போனோம். லீவு முடிந்து வந்த காலையில் தாம்பாளத்தை நீட்டினேன். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். பெயர் வெளியே தெரியக்கூடாது என்பதால் அட்டையில் எந்த எழுத்தும் கிடையாது, ஐந்தும் அச்சாக ஒன்றுபோல இருக்கும். அட்டைக்கான பாஸ்வேர்டு எல்லோருக்கும் ஒன்றே. கம்பெனி போன் நம்பரின் கடைசி நாலு எண். மாற்றிக்கொள்ளுங்கள் என்று அந்த நண்பர் தலைபாடாக அடித்துக்கொண்டார், ஒருவரும் மாற்றவில்லை. நானும்தான். அதற்குப் பின் மூன்று மாதமாக யாருடைய கையெழுத்தை யார் போட்டோம் என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகத்தானே அந்தக் கணக்கையே போட்டார்கள்.

கணக்கில் ஒரு குற்றமும் இல்லை. அது அட்டையைச் சரியாகத்தான் காட்டியது. அந்த அட்டை என் கையில் இருந்தது.

இப்போது திரும்பி வந்த பெட்டியின் தேதியைப் பார்த்தேன். அன்று வேன் நாலு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டதாக அதில் பதிவாகியிருந்தது. தங்கை நிச்சயத்துக்காக நான் மத்தியானமே லீவு சொல்லிக் கிளம்பியிருந்தேன். காலையில் கையெழுத்துப் போட்டு அடுக்கிவைத்த பெட்டிகளை அலாரம் அடிக்காமல் ஏற்றிவிட்டார்கள். நான் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

கதவுக்கு வெளியே அண்ணனின் செருப்பு தெரிந்தது. திரையில் அவர் பெயர் இருந்தது. கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். நான் அதை மூடினேன். இரண்டு வெற்று அறிக்கைகளையும் அழித்தேன். வெளியே வந்து, சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு, நாளைக்குப் பாக்கலாம் அண்ணா என்றேன். அவர் பரவாயில்லை, நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

பஸ்ஸில் நான் யோசித்ததையெல்லாம் எழுதினால் என் மேலேயே எனக்கு அருவருப்பு வரும். அட்டையைத் தொலைத்துவிட்டேன் என்று சொன்னால் புதிது தருவார்கள், பழையதை அல்சூர் ஏரியில் எறிந்துவிடலாம், பிறகு கடவுளுக்குத்தான் தெரியும் என்று ஒரு கணக்குப் போட்டேன். அவருக்குப் பதிலாக என்னை நீக்கினால் என் வீட்டில் யார் சம்பாதிப்பது என்று இன்னொரு கணக்கு. தங்கை கல்யாணம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்கு அவர் மேல் எரிந்து விழுந்தேன். எனக்கு என்மேல் இருந்த கோபம் அது.

காலையில் முதலாளி வருவதற்கு முன்பே போய் அவர் அறை வாசலில் நின்றேன். நல்ல குணத்தால் செய்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அண்ணன் செருப்பு அந்த வாசலில் நின்ற இடம் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது, அதைத் தாங்க முடியவில்லை. வேலைநீக்கக் கடிதம் டைப் ஆகி மேசைமேல் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"சொல்லும்மா, ஏனாயித்து?" என்றார் முதலாளி, பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக.

"சார், அந்தப் பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டது நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். தாம்பாளம், பாஸ்வேர்டு, பல் டாக்டர், முன்கூட்டியே போடும் டிக், நிச்சயதார்த்தம், முந்தின நாள் நான் மூடிய திரை. அவர் ஐந்து அட்டைகளையும் வாங்கி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மூன்று அட்டைகள் ஆள் மாறியிருந்தன. என்னிடம் அண்ணனுடையது, அண்ணனிடம் இன்னொருவனுடையது, அவனிடம் என்னுடையது. மற்ற இரண்டும் குருட்டாம்போக்கில் உரியவர்களிடமே இருந்தன. கடிதத்தைக் கிழித்துப் போட்டார். என்னை நீக்கவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆறு மாதம் ஸ்டோர்சுக்கு மாற்றினார், சம்பள உயர்வை நிறுத்தினார், இரண்டாவது பாஸ்வேர்டை வாங்கி வேறொருவனிடம் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு நீயே உன் பேர் போட்டு எழுது என்றார். எழுதினேன். பேனாவால் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு சோதனை மேசைக்குப் போனேன். எந்த இடத்தில் நின்று அண்ணனைத் திட்டினேனோ அங்கேயே நின்று, அதே மூவர் முன்னால், நான்தான் போட்டது என்று சொன்னேன். அவர் சால்டரிங் இரும்பைத் தாங்கியில் வைத்தார்.

"நேத்து மத்தியானமே தெரியுமா?"

"தெரியும்ணா."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். முந்தின நாள் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையதுதான், ஒரு குழந்தை சாக இருந்தது, நர்ஸ் புண்ணியத்தில் பிழைத்தேன் என்று மனைவியிடமும் மகளிடமும் சொல்லிவிட்டாராம். மகள் அதற்குப் பின் அவரோடு பேசவில்லையாம். இதை அவர் மெதுவாக, சோதனை அறிக்கை படிப்பது போலச் சொன்னார்.

"ஊட்டுக்கு வந்து நீயே சொல்லு. நான் சொன்னா, வேலை போவுதேன்னு மாத்திப் பேசுறேன்னு நினைச்சுக்குவாங்க."

அன்று சாயங்காலம் அவரோடு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ரயில்வே பாலத்துக்கு அடியில் நடந்து ஒக்கலிபுரம் போனேன்.   ஒரு அறையும் சமையல் மேடையும் உள்ள வீடு. அவர் மனைவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மகள் கட்டிலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள், நாங்கள் வந்ததும் தலையை நிமிர்த்தவில்லை.

உட்காரச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டே என் பெயரைச் சொன்னேன். அந்தப் பெட்டியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான், உங்கள் வீட்டுக்காரர் அதைத் தொடவே இல்லை என்றேன். அட்டை மாறிய கதையை அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். நேற்றே தெரிந்தும் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன். மகள் புத்தகத்தை மூடிவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"நீ தொடவே இல்லைன்னா, நான்தான் செஞ்சேன்னு நேத்து ஏன்யா அப்பிடி அழுத?"

அண்ணன் சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"மெஷின் சொன்னப்ப நான் ஒத்துக்கலடி. இந்தப் பொண்ணு சொல்லுச்சு. அதான், நான்தான் போலன்னு நெனச்சிட்டேன்."